வெளிநாட்டுப் பக்கத்தில் இஸ்லாம்: பக்கத்து வீட்டுப் பெண்ணின் கேள்விக்கு ஒரு பதில்

தக்கலையில் எங்கள் தெருவில் வளர்ந்த பெண் ஒருத்தி இப்போது திருவனந்தபுரத்தில் இதழியல் படிக்கிறாள். போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: "மாமா, வெளிநாட்டுச் செய்தியில எங்க ஆளுங்க வந்தாலே குண்டு, கொலை, பர்தா இந்த மூணுதான். வேணும்னே செய்யிறாங்களா, தெரியாம செய்யிறாங்களா? புராஜெக்டுக்கு இதையே எடுக்கலாம்னு இருக்கேன். எதைப் பார்க்கணும்?" நான் 23 வருடம் ஒரு தமிழ் நாளிதழில் இரவு ஷிப்ட் பார்த்தவன். வெளிநாட்டுச் செய்தி ஏஜென்சிகளிடம் இருந்து ஆங்கிலத்தில் வந்து விழும் காப்பியைத் தமிழாக்கி, தலைப்பு வைத்து, வெளிநாட்டுப் பக்கத்தை முடித்து அனுப்புவதுதான் வேலை. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதினேன்.

மக்களே, முதலில் என் தப்பில் இருந்தே தொடங்குகிறேன்.

2011 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. நம்ம ஊர் நேரம் மாலை 6.55க்கு நார்வேயின் ஆஸ்லோவில் அரசு அலுவலகங்கள் இருக்கும் பகுதியில் குண்டு வெடித்தது. நான் ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்தபோது எல்லா டிவியிலும் நிபுணர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அல்காய்தாவாக இருக்கலாம், ஆப்கானிஸ்தானுக்கு நார்வே படை அனுப்பியதற்குப் பழிவாங்கலாக இருக்கலாம் என்று ஆளாளுக்கு ஒரு காரணம். ஏதோ ஒரு பெயர் தெரியாத குழு இணையத்தில் பொறுப்பேற்றிருப்பதாகவும் ஒரு தகவல் ஓடியது, அது பொய் என்று பிறகு தெரிந்தது. குமரி மாவட்டத்தின் உள்ளூர்களுக்கும் கேரளாவுக்கும் போகிற முதல் பதிப்பு சீக்கிரமே அச்சேற வேண்டும். நான் வைத்த தலைப்பு: "நார்வேயில் இஸ்லாமியத் தீவிரவாதிகள் தாக்குதல்?" கேள்விக்குறி போட்டிருக்கிறேனே, போதாதா என்று அப்போது நினைத்தேன். இரவு பத்து மணிக்குக் கொஞ்சம் பிந்தி, ஊத்தோயா தீவில் இளைஞர் முகாமில் புகுந்து சுட்டுக்கொண்டிருந்த ஆளைப் போலீஸ் பிடித்தது. அவன் நார்வேக்காரன், வெள்ளைக்காரன், பெயர் பிரேவிக், இஸ்லாமியரிடம் இருந்து கிறிஸ்தவ ஐரோப்பாவைக் காப்பாற்றக் கிளம்பியதாக 1,500 பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தவன் என்பதெல்லாம் தெரிவதற்குள் எங்கள் முதல் பதிப்பு லாரியில் ஏறியிருந்தது. மொத்தம் 77 பேர் செத்தார்கள், அதில் 69 பேர் அந்தத் தீவில்.

மறுநாள் காலை உன் வாப்பா பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். தம்மாமில் இருந்து லீவில் வந்திருந்த சமயம். கோபப்படவில்லை. "இது யாரு செஞ்சதுன்னு நேத்து ராத்திரி உறுதியா தெரியுமா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அன்று இரவு போய், இரண்டாம் நாள் செய்திக்கு நானே தலைப்பு வைத்தேன்: "நார்வே படுகொலை: வாலிபர் கைது". வாலிபர்! முதல் நாள் ஒரு மதத்தையே தலைப்பில் ஏற்றியவன், இரண்டாம் நாள் வயதோடு நிறுத்திக்கொண்டேன். மூன்றாம் நாள் "மனநிலை பாதிக்கப்பட்டவரா?" என்று பெட்டிச் செய்தி. அவன் சுயநினைவோடுதான் செய்தான் என்று 2012 ஆகஸ்டில் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லி 21 ஆண்டு தண்டனை கொடுத்தபோது அது எங்கள் பக்கத்தில் எட்டு வரி.

நான் கிறிஸ்தவன். அவன் என் மதத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் அதைச் செய்தான். "கிறிஸ்தவத் தீவிரவாதி" என்று யாராவது தலைப்பு வைத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் முதன்முதலாக யோசித்தேன். அதுவரைக்கும் யோசிக்க வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை. உன் கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது.

நான் மட்டும் செய்த தப்பும் இல்லை அது. லண்டனில் பெரிய விற்பனை உள்ள சன் பத்திரிகை "அல்காய்தா படுகொலை" என்றே முதல் பக்கத்தில் போட்டது, அதில் கேள்விக்குறிகூடக் கிடையாது. அதற்கு 16 வருடம் முன்னால், 1995 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பில் 168 பேர் செத்தபோதும் முதல் சில மணி நேரம் மத்திய கிழக்குக்காரர்களைத்தான் தேடினார்கள். செய்தவன் அமெரிக்க ராணுவத்தில் இருந்த திமோத்தி மெக்வே. ஒரே தப்பு இரண்டு கண்டத்தில் 16 வருட இடைவெளியில் நடக்கிறது என்றால், ஆட்கள் மாறினாலும் கையில் இருக்கும் அச்சு மாறவில்லை என்று அர்த்தம். மாவு எதுவானாலும் அந்த அச்சில் ஊற்றினால் அதே வடிவம்தான் வரும்.

அந்த அச்சு எது என்று பார். செய்தவர் முஸ்லிம் என்றால் மதம் காரணமாகிறது. வேறு ஆள் என்றால் அவனுடைய பால்யம், தனிமை, மனநிலை காரணமாகிறது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் ஜும்மா தொழுகைக்கு வந்தவர்களை இரண்டு பள்ளிவாசல்களில் ஒருவன் சுட்டான், 51 பேர் இறந்தார்கள். லண்டன் டெய்லி மிரர் முதல் பக்கத்தில் அவன் குழந்தையாக இருந்த படத்தைப் போட்டு, தேவதை போல இருந்த பையன் கொலைகாரனாக வளர்ந்தான் என்று எழுதியது. அந்த ஊர்ப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் அவன் பெயரையே சொல்ல மாட்டேன் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மாஞ்சு மாஞ்சு வேலை செய்கிற செய்தியாளர்களுக்குத் தோன்றாதது ஒரு பிரதமருக்குத் தோன்றியது.

உகாண்டாவில் ஜோசப் கோனி என்பவன் பைபிளின் பத்துக் கட்டளைப்படி ஆட்சி வேண்டும் என்று சொல்லிக்கொண்டு ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கடத்தினான். அவன் படையை நான் எத்தனையோ முறை "கிளர்ச்சிக் குழு" என்று எழுதியிருக்கிறேன். ஒரு முறைகூடக் கிறிஸ்தவம் என்ற சொல் என் பேனாவில் வரவில்லை, ஏனென்றால் ஏஜென்சி காப்பியில் அது பெரிதாக இல்லை. அப்படி எழுதாததுதான் சரி. அந்தச் சரியை எல்லோருக்கும் செய்யவில்லை என்பதுதான் என் வருத்தம். 2013 ஜூலையில் டைம் இதழ் மியான்மரின் விராது என்ற பிக்குவின் படத்தை அட்டையில் போட்டு "பௌத்த பயங்கரவாதத்தின் முகம்" என்று எழுதியபோது மியான்மரும் இலங்கையும் அந்த இதழையே தடை செய்தன. தடை செய்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஒரு பிக்கு பேசியதற்கு எங்கள் மதத்தின் பெயரையே எழுதலாமா என்று சாதாரண பௌத்தர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. அந்தக் கேள்வியை அவர்கள் ஒரு அட்டைக்காகக் கேட்டார்கள். உன் வீட்டில் அதை மாதாமாதம் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது நம் மொழிக்கு வருகிறேன். இதைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள், தமிழில் என்ன நடக்கிறது என்று அவ்வளவாக யாரும் பார்க்கவில்லை. நீ பார்க்கலாம்.

ஆங்கிலத்தில் மூன்று சொல் இருக்கிறது. நம்பிக்கையாளரைக் குறிக்க முஸ்லிம், மதம் சார்ந்த பொருளைக் குறிக்க இஸ்லாமிக், மதத்தை அரசியல் கொள்கையாக வைத்திருப்பவரைக் குறிக்க இஸ்லாமிஸ்ட். மூன்றாவது சொல்லிலேயே குழப்பம் உண்டு. தேர்தலில் நிற்கும் கட்சிக்கும் தலையை வெட்டும் கும்பலுக்கும் ஒரே சொல்லைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் அமெரிக்கச் செய்தி ஏஜென்சியான ஏ.பி. 2013-ல் தன் நடைக் கையேட்டைத் திருத்தி, இதைப் போராளி, தீவிரவாதி என்பதற்கு மாற்றுச் சொல்லாகப் போடக்கூடாது, முடிந்தால் அந்த அமைப்பின் பெயரையே எழுது என்று சொன்னது. சரி, தமிழில் என்ன ஆகிறது? மூன்று சொல்லும் "இஸ்லாமிய" என்ற ஒரே சொல்லுக்குள் போய் விழுகிறது. இஸ்லாமிய வங்கி, இஸ்லாமியப் பண்டிகை, இஸ்லாமியத் தீவிரவாதி. அதற்கு மேல், மரியாதையாகச் சொல்கிறோம் என்று நினைத்து, மனிதரையும் நாம் "இஸ்லாமியர்" என்கிறோம். நோன்புக் கஞ்சி கொடுக்கிறவரும் இஸ்லாமியர், குண்டு வைக்கிறவனும் இஸ்லாமிய. ஆங்கிலத்தில் கொஞ்சமாவது இருந்த வேலியைத் தமிழில் நாங்களே பிடுங்கிப் போட்டோம். டெஸ்கில் யாரும் இதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ராத்திரி 11 மணிக்கு ஒரு பத்தி அகலத்தில் எந்தச் சொல் அடங்குமோ அந்தச் சொல் போகும்.

அடுத்தது "பலி". தமிழ்த் தலைப்பின் மிகப் பெரிய வசதி இந்தச் சொல்தான். இரண்டே எழுத்து, யார் கொன்றது என்று சொல்லவே வேண்டாம். "வான்வழித் தாக்குதலில் 40 பேர் பலி" என்றால் விமானம் தானாகப் பறந்து தானாகக் குண்டு போட்ட மாதிரி. காபூலில் கார் குண்டு வெடித்தால் மட்டும் "தலிபான்கள் வெறியாட்டம்" என்று செய்தவனின் பெயர் முன்னால் வந்து உட்காரும். இன்னொரு சொல் "அதிரடி". அமெரிக்கா அதிரடி, இஸ்ரேல் அதிரடி, ரஷ்யா அதிரடி. அரசு ஒன்று குண்டு போட்டால் அது அதிரடி, அரசு இல்லாதவன் வைத்தால் அட்டூழியம். கீழே கிடக்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். இந்தச் சொற்களை எந்த வெளிநாட்டு ஏஜென்சியும் எங்களுக்கு அனுப்பவில்லை, இவை முழுக்க எங்கள் சொந்தச் சரக்கு. மேற்கத்திய ஊடகம் என்று ஒரு பக்கமாகக் கையை நீட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது.

ஃபத்வா என்ற சொல்லையும் பார். மார்க்க அறிஞர் ஒருவர் கேட்ட கேள்விக்குச் சொல்லும் கருத்துதான் ஃபத்வா. வட்டி வாங்கலாமா, நோன்பில் ஊசி போடலாமா என்று கேட்டு வாங்குவதுதான் அதில் பெரும்பகுதி. 1989-ல் எழுத்தாளர் சல்மான் ருஷ்டி மீது ஈரானின் கொமெய்னி விதித்ததற்குப் பிறகு தமிழ்ப் பேப்பரில் ஃபத்வா என்றால் கொலை உத்தரவு என்றே ஆகிவிட்டது. 2005-ல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பின் முதல் ஆண்டு நினைவு நாளில் ஸ்பெயின் இஸ்லாமிய ஆணையம் பின்லேடனுக்கு எதிராகவே ஒரு ஃபத்வா கொடுத்தது. 2008-ல் உத்தரப் பிரதேசத்தின் தேவ்பந்த் மதரஸா பயங்கரவாதத்துக்கு எதிராகக் கொடுத்தது. 2014 செப்டம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் ஐ.எஸ். தலைவன் அல்பக்தாதிக்குத் திறந்த கடிதம் எழுதி, நீ செய்வது எதுவும் மார்க்கத்தில் இல்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்கள். இவ்வளவு இருந்தும், "முஸ்லிம்கள் ஏன் கண்டிக்கவில்லை?" என்று உன் வகுப்பில் ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். கண்டித்தார்கள், நாங்கள் போடவில்லை. கண்டனம் ஒரு நிகழ்ச்சி இல்லை, அதற்குப் படம் இல்லை, அதனால் அது ஃபில்லர். இடம் இருந்தால் ஓரத்தில் போகும், விளம்பரம் வந்தால் தூக்கப்படும்.

சரி, எண்ணிக்கை வேண்டும் என்பாய். அமெரிக்காவில் 2006 முதல் 2015 வரை நடந்த தாக்குதல்களை எடுத்து எரின் கியர்ன்ஸும் மற்ற இருவரும் செய்த ஆய்வு 2019-ல் வந்தது. செத்தவர்கள் எத்தனை, இலக்கு எது என்பதையெல்லாம் சமன்செய்து பார்த்த பிறகும், செய்தவர் முஸ்லிம் என்றால் 357 சதவீதம் கூடுதல் செய்தி வந்திருக்கிறது. கார்டிஃப் பல்கலைக்கழகம் 2000 முதல் 2008 வரை பிரிட்டிஷ் முஸ்லிம்களைப் பற்றி அந்த நாட்டுப் பத்திரிகைகளில் வந்த ஏறக்குறைய ஆயிரம் செய்திகளைப் பார்த்தபோது, மூன்றில் இரண்டு பங்கு அவர்களை ஆபத்தாகவோ பிரச்சினையாகவோதான் வைத்திருந்தது. கவனி, இது சொந்த நாட்டுக் குடிமக்களைப் பற்றி. வெளிநாடு என்றால் கேட்கவே வேண்டாம்.

கொல்லுகிற இடத்தில் முஸ்லிம் இருந்தால் பெயர் பெரிதாக வருகிறது என்றேன். சாகிற இடத்தில் இருந்தால் சின்னதாக வருகிறது, இது எனக்கு இன்னும் வலிக்கிற விஷயம். 2015 நவம்பர் 12 அன்று பெய்ரூட்டில் ஒரு கடைத்தெருவில் இரட்டைக் குண்டு, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த நாள் பாரிஸ், 130 பேர். இரண்டையும் செய்தது ஒரே ஐ.எஸ். அமைப்பு. பாரிஸ் எங்களுக்கு ஒரு வாரம் முதல் பக்கம். செத்தவர்களின் படம், காதல், கடைசி மெசேஜ் எல்லாம் போட்டோம். பெய்ரூட் ஒற்றைப் பத்தியில் முடிந்தது. அங்கே அதெல் தெர்மோஸ் என்று ஒருவர், தன் மகளோடு அந்தத் தெருவில் இருந்தவர், இரண்டாவது குண்டுக்காரன் கூட்டத்தை நோக்கிப் போவதைப் பார்த்து அவன் மேல் பாய்ந்து கட்டிப்பிடித்துத் தள்ளி, அவனோடு தானும் செத்தார். எத்தனை உயிர் அதில் தப்பியது என்று கணக்கே இல்லை. எந்தத் தமிழ் வாசகனும் கண்ணீர் விட்டிருப்பான், ஆனால் நான் அதை அன்று எழுதவில்லை, பாரிஸ் படங்களுக்குத் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் ஜூலை 3 அன்று, பெருநாளைக்கு ஜனங்கள் துணி எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், பாக்தாதின் கர்ராதா கடைத்தெருவில் 300க்கும் மேற்பட்டவர்கள் எரிந்து போனார்கள். இங்கே ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் முந்தின நாள் மார்த்தாண்டம் கடைத்தெரு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அதே மாதிரி ஒரு தெருதான் அது.

இது எங்கே இருந்து வருகிறது? கொஞ்சம் பழைய கதை. 1965-லேயே யோகான் கால்டுங், மாரி ரூகே என்ற இருவர் காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நார்வே பத்திரிகைகள் எப்படி எழுதின என்று பார்த்து, வெளிநாட்டுச் செய்தி எப்படித் தேர்வாகிறது என்று சொல்லிவிட்டார்கள். தூரத்து ஊர் செய்தியாக வேண்டும் என்றால் அங்கே கெட்டது நடக்க வேண்டும். பெரிய நாட்டுக்காரனுக்குச் சும்மா தும்மல் வந்தாலும் போதும். இஸ்லாம் தனியாக ஒரு செய்திப் பொருளாக ஆனது 1979-க்குப் பிறகு. ஈரானில் புரட்சி, நவம்பர் 4 அன்று அமெரிக்கத் தூதரகம் பிடிபட்டது, 52 பேர் 444 நாள் பிணைக் கைதிகளாக இருந்தார்கள், அமெரிக்க டிவி ஒவ்வொரு இரவும் நாள் எண்ணியது. தாடி, கறுப்புத் துணி, உயர்த்திய கை என்று அன்று பதிந்த படம்தான் இன்றைக்கும் கோப்புப் படமாக வருகிறது. அதைப் பார்த்துத்தான் பாலஸ்தீன அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்ட் செய்த் 1981-ல் இஸ்லாத்தை ஊடகங்கள் "மூடுவது" பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். ஆங்கிலத்தில் செய்தி சேகரிப்பதற்கும் மூடி மறைப்பதற்கும் ஒரே சொல், கவர். அந்த 444 நாளில் எத்தனை நாள், ஈரானில் எண்ணெயை நாட்டுடைமை ஆக்கிய மொசாதேக் அரசை 1953-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து கவிழ்த்த கதை வந்தது? அது தெரியாமல் பார்த்தால் ஈரானியன் காரணமே இல்லாமல் கத்துகிறான். காரணம் இல்லாமல் கத்துகிறவனுக்கு மதம்தான் காரணம் என்று எழுதுவது சுலபம்.

அதே 1980-களில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையோடு மோதியவர்களும் தாடி வைத்தவர்கள்தான், ஜிஹாத் என்றுதான் சொன்னார்கள். அவர்களை ரீகன் சுதந்திரப் போராளிகள் என்றார், நாங்களும் போராளிகள் என்று எழுதினோம். பத்து வருடம் கழித்து அதே சொல், அதே தாடி, பெயர் மட்டும் பயங்கரவாதி. மார்க்கம் மாறவில்லை, வாஷிங்டனின் தேவை மாறியது.

ஏஜென்சிகளை மட்டும் திட்டிவிட்டுப் போவது நியாயம் ஆகாது. பயங்கரவாதி என்ற சொல்லை நாமாகச் சொல்ல வேண்டாம், யாராவது சொன்னால் அவர் சொன்னதாகப் போடுவோம் என்று ராய்ட்டர்ஸ் 2001-க்குப் பிறகும் பிடிவாதமாக இருந்ததற்கு நிறைய வசவு வாங்கியது. மியான்மரின் ரோஹிங்கியா முஸ்லிம்கள் 2017-ல் ஏழு லட்சம் பேர் வங்கதேசத்துக்கு ஓடியபோது, இன் டின் கிராமத்தில் பத்துப் பேரைக் கொன்று புதைத்ததைத் தோண்டி எழுதிய ராய்ட்டர்ஸ் நிருபர்கள் வா லோன், கியாவ் சோ ஊ இருவரும் மியான்மர் சிறையில் 500 நாளுக்கு மேல் இருந்தார்கள். அந்த அகதிகளைப் படம் பிடித்துப் புலிட்சர் வாங்கிய குழுவில் இருந்த நம்ம டேனிஷ் சித்திக்கி 2021 ஜூலையில் ஆப்கன் எல்லையில் கொல்லப்பட்டார். உயிரைக் கொடுத்து எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய 800 சொல்லை 80 சொல்லாக வெட்டும்போது முதலில் விழுவது பின்னணிதான். வெட்டினவர்களில் நானும் ஒருவன்.

வேண்டுமென்றே செய்கிறார்களா என்று கேட்டாய். சிலர் வேண்டுமென்றே செய்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன். பயம் விற்கும் என்று தெரிந்து விற்கிற டிவிகளும் பத்திரிகைகளும் எல்லா நாட்டிலும் இருக்கின்றன. பெரும்பாலான இடத்தில் நடப்பது வேறு: அதிகாரி சொன்னார் என்பதை அப்படியே எடுப்பது. ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று நியூயார்க் டைம்ஸ் மாதக்கணக்கில் எழுதியது, போர் வந்தது, ஆயுதம் வரவில்லை. நாங்கள் இன்னும் கடுமையாகச் சோதித்திருக்க வேண்டும் என்று 2004 மே 26 அன்று அவர்கள் ஒப்புக்கொண்டு எழுதினார்கள், அதுவும் உள்பக்கத்தில். அதற்குள் ஈராக்கில் செத்தவர்களுக்கு அந்த உள்பக்கம் என்ன செய்யும்?

எதிர்ப்பக்கமும் ஒரு தப்பு இருக்கிறது, உன் புராஜெக்டில் அதைச் செய்துவிடாதே. மார்க்கத்தின் பெயரைச் சொல்லிச் செய்கிற கொடுமையை எழுதாமல் விடுவது நியாயம் இல்லை. 2014-ல் ஈராக்கின் சிஞ்சாரில் யஸீதி என்ற சிறுபான்மைச் சமயப் பெண்களை ஐ.எஸ். அடிமைகளாக விற்றது, தன் செயலுக்கு மார்க்கத்தையே ஆதாரம் காட்டியது, அதை எழுதத்தான் வேண்டும். தலிபான் 2021-ல் பெண் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியையும் 2022 டிசம்பரில் பல்கலைக்கழகத்தையும் மூடியது, அதைப் பெரிதாகவே எழுத வேண்டும். ஆனால் உடனே எகிப்தில் உள்ள அல்அஸ்ஹர் தலைமை இமாம் அஹ்மத் அல்தய்யிப், இந்தத் தடை ஷரியாவுக்கே முரண் என்று சொன்னதையும் அதே அளவில் போட்டால்தான் அது முழுச் செய்தி. அதை விட்டுவிட்டு "முஸ்லிம் நாடுகளில் பெண்கள்" என்று ஒரு பொதுக் கட்டுரை எழுதினால், பெனசீரையும் கலிதா ஜியாவையும் ஹசீனாவையும் மேகவதியையும் ஆட்சியில் பார்த்த நாடுகளை எங்கே வைப்பது? அரபு நாடுகளில் வாழ்வது உலக முஸ்லிம்களில் ஐந்தில் ஒரு பங்குதான். இந்தோனேசியாவில் 2024 பிப்ரவரி 14 அன்று 20 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்களுக்கு ஒரே நாளில் தேர்தல் நடந்தது. அதை எத்தனை பேப்பரில் பார்த்தாய் என்று நீயே எண்ணிச் சொல்.

இனி நம்ம ஊருக்கே உரிய ஒன்று. களியக்காவிளையில் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் மலையாளப் பேப்பரும் தமிழ்ப் பேப்பரும் ஒரே பெஞ்சில் கிடக்கும். இரண்டையும் வாசிக்கத் தெரிந்தவர்கள் அங்கே நிறைய. மலையாளப் பேப்பரில் வளைகுடா ஒரு வேலைத்தலம்: ஷார்ஜாவில் வாடகை ஏறியது, தோகாவில் பள்ளிக் கட்டணம், மஸ்கட்டில் மழை, ரியாத்தில் இகாமா என்கிற வசிப்பு அனுமதி விதி. கல்ஃப் மாத்யமம் 1999-ல் வளைகுடாவிலேயே அச்சாகத் தொடங்கியது. அங்கே நிருபர்கள் இருக்கிறார்கள், வாசகர்கள் இருக்கிறார்கள், சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். தமிழ்ப் பேப்பரில் அதே வளைகுடா எண்ணெய் விலைக்கும் தலைவெட்டுத் தண்டனைக்கும் மட்டும் வரும். குமரி மாவட்டத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் ஆள் அங்கே இருந்தும் இந்த நிலை. 2014-ல் ஈராக்கின் திக்ரித்தில் ஐ.எஸ். கும்பலிடம் சிக்கிய 46 செவிலியர்களை மலையாள நிருபர்கள் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டுப் பேசி எழுதினார்கள். அவர்களில் ஒருவர் தூத்துக்குடிக்காரர், அந்தச் சேதியே எங்களுக்குக் கேரளா வழியாகத்தான் வந்தது. எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள். அதே ஆண்டு மோசூலில் பிடிபட்ட 39 இந்தியத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டது நான்கு வருடம் கழித்து 2018 மார்ச்சில்தான் உறுதியானது. ஒரே நாடு, ஒரே கும்பல், இரண்டு முடிவு. பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் இப்படித் தெரியும், தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு.

மலையாளப் பேப்பர் சுத்தம் என்று சொல்லவில்லை. அங்கே விற்க வேண்டும் என்பதால் அந்த ஊர் அரசர்களைப் பற்றியும் முதலாளிகளைப் பற்றியும் குரல் தாழ்ந்துவிடும். வேலை கொடுத்தவரிடமே தொழிலாளியைக் கட்டிப்போட்டு, அவர் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்க வழிவிட்ட கஃபாலா முறையில் எத்தனை பேர் நொந்தார்கள் என்று உன் வாப்பாவிடம் கேள், அவர் சொல்கிற அளவுக்கு எந்தப் பேப்பரும் எழுதவில்லை.

புராஜெக்டுக்கு வருகிறேன். முதல் நாள் செய்தியை மட்டும் எடுக்காதே, அதைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். ஒரு சம்பவத்தைப் பிடித்து ஐந்து நாள் தொடர்ந்து போ. முதல் நாள் தலைப்பில் இருந்த மதம் மூன்றாம் நாள் எங்கே போனது, ஊகம் பொய்யானபோது திருத்தம் எந்தப் பக்கத்தில் எத்தனை வரியில் வந்தது என்று அளவுகோல் வைத்து அள. யார் பேச்சை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணு: படை அதிகாரி எத்தனை, அந்தத் தெருவில் வாழ்கிறவர் எத்தனை. செத்தவர்களில் எத்தனை பேருக்குப் பெயர் வந்தது என்று தனியாக எண்ணு, அந்த ஒரு கணக்கே உன் கட்டுரையைத் தூக்கி நிறுத்தும். படத்தைப் பார்க்கும்போது கீழே கோப்புப் படம் என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று பார், மலேசியச் செய்திக்குப் பாகிஸ்தான் கூட்டப் படம் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். "இஸ்லாமிய" என்ற சொல் எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிறது என்று ஒரு மாதப் பேப்பரில் குறித்து வை. தமிழ் ஒன்று, மலையாளம் ஒன்று, ஆங்கிலம் ஒன்று எடுத்தால் போதும், உனக்கு மூன்றும் வரும், அது எல்லோருக்கும் கிடைக்கிற வசதி இல்லை.

2011 ஜூலை 23-ஆம் தேதி பிரதி எங்கள் அலுவலகத்தில் கிடைக்காது, நூலகத்துக்குப் போவது கடைசிப் பதிப்புதான், அதில் தலைப்பை மாற்றிவிட்டோம். முதல் பதிப்பு உன் வாப்பா கையில் இருந்தது. அவர் எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை, பரணில் தேடிப் பார். கிடைத்தால் அதையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள். தலைப்பு வைத்தது யார் என்று உன் பேராசிரியை கேட்டால் என் பெயரைத் தாராளமாக எழுது.